பெயர் கூப்பிடும் நேரம்

போன மாதம் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் சின்ன நாத்தனார் சொன்னது இது. ஒரு கல்லூரி ஆபீஸில் அவள்தான் ஹெட் கிளார்க்.

மணி எட்டு முப்பத்தைந்து. எல்லா வகுப்பும் அடங்கிவிட்டது. கணக்கு டீச்சரின் வகுப்பில் மட்டும் சந்தைக்கடை இரைச்சல்.

பியூன் வந்து நின்றார்.

"மேடம், இன்னிக்கும் கணக்கு டீச்சர் வகுப்புக்கு வரலை."

"எட்டேகாலுக்கே கையெழுத்துப் போட்டாங்களே! எங்கே போயிட்டாங்க?"

பியூன் குரலைத் தாழ்த்தினார். "பின்பக்கப் படிக்கட்டு ஜன்னல்ல நிக்கிறாங்க. ரோட்டையே பார்த்துக்கிட்டு. பத்து நாளா இதே கதைதான்."

"ரோட்டுல என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? ஐம்பது வயசுல ஒருத்தங்க தினமும் ஜன்னலோரம் நின்னு யாருக்கோ காத்திருக்காங்கன்னா..." இழுத்தார். "நான் ஒண்ணும் சொல்லலை."

"சொல்றதையெல்லாம் சொல்லிட்டு ஒண்ணும் சொல்லலையாக்கும்! போய் வேலையைப் பாருங்க."

அவரை விரட்டினாளே தவிர, நாத்தனாரின் மனசை வண்டு குடைந்தது. டியூஷனுக்கு ஆள் பிடிக்கிறாளா? கடன் கொடுத்தவன் யாராவது வருகிறானா? இல்லை, பியூன் சொல்லாமல் சொன்ன மாதிரி...

போன வாரமே இரண்டு மெமோ கொடுத்தாயிற்று. இரண்டிலும் டீச்சர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதுதான் இவளுக்கு உறுத்தல். தப்பு இல்லையென்றால் மனுஷி ஒரு வார்த்தையாவது சண்டை போடமாட்டாளா?

மூன்றாவது மெமோ போனால் சம்பள உயர்வு நின்றுவிடும். அதையும் டைப் அடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை நாத்தனார் பூனை மாதிரிப் படிக்கட்டுக்குப் போனாள்.

டீச்சர் நின்றுகொண்டுதான் இருந்தார். கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக. உதடு வேறு என்னவோ முணுமுணுத்தது. போனில் பேசுகிறாளோ என்று பார்த்தால், கையில் போனும் இல்லை.

எட்டு முப்பத்தெட்டுக்கு ஒரு பஸ் வந்து நின்றது. டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

'வந்தாச்சு ஆளு' என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

இறங்கியது ஆள் இல்லை, மூன்று பிள்ளைகள். இறங்கின வேகத்தில் ஓட்டமெடுத்து, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்கள்.

"சாரி மிஸ்!"

"எதுக்கும்மா சாரி? நானே இன்னும் உள்ளே போகலை. ஓடு, ஓடு. விழுந்து வைக்காதே."

அவர்கள் வகுப்புக்குள் மறைந்த பிறகுதான், டீச்சர் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு நடந்தார். நாத்தனார் வழியை மறித்தாள்.

"இதுக்குத்தானா இத்தனை நாளா?"

டீச்சர் திடுக்கிட்டார். "அவங்க ஊர்ப் பக்கத்திலேர்ந்து முதல் பஸ்ஸே இதுதான் மேடம்."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. பள்ளி முடித்து மேலே படிக்கிற பிள்ளைகளுக்கு, வீட்டில் வசதி இல்லையென்றால் வாராவாரம் உதவித்தொகை உண்டு. ஒரு நாள் லேட் என்றாலும் அந்த வாரத் தொகை வெட்டு. டீச்சர் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பெயர் கூப்பிட வேண்டும். அப்போது இல்லாதவர்தான் லேட். பதிவேட்டைப் பார்த்துத் தொகையை வெட்டுவது சாட்சாத் இவளேதான்.

"அதுக்கு நீங்க ஏன் மெமோ வாங்கணும்? எட்டரைக்கே உள்ளே போய், மூணு பேரும் வந்தாச்சுன்னு போட்டுட வேண்டியதுதானே? யார் வந்து எண்ணிப் பார்க்கப் போறா?"

"வராத பிள்ளையை வந்தாச்சுன்னு எப்படி மேடம் எழுதுறது? பொய்யில்லையா? உள்ளே போனா பேர் கூப்பிட்டே ஆகணும். அதான் உள்ளே போகலை."

நாத்தனார் கையிலிருந்த ஃபைலை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். டீச்சர் தொடர்ந்தார்.

"விதியை மாத்தச் சொல்லி மேலே எழுதியிருக்கேன். பதில் வரலை. அதுக்குள்ளே ரெண்டு வாரத் தொகை போச்சு. அந்த நெட்டைப் பொண்ணு, பஸ்ஸுக்கே காசில்லை, படிப்பை நிறுத்திக்கறேன் மிஸ்னு விலகல் ஃபாரத்தோட வந்து நின்னுட்டா."

அந்த ஃபாரத்தை எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். 'ஒழுங்கா நேரத்துக்கு வந்திருந்தா இந்தக் கதி வருமா?' என்று வாயாலேயே ஒரு குட்டும் வைத்து அனுப்பியிருந்தாள்.

"ஃபைல்ல மெமோவா மேடம்? குடுங்க. நான் லேட்டா போறது நிஜம்தானே." டீச்சர் பேனாவை எடுத்தார்.

"இன்னிக்கு இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனார் ஆபீஸுக்குத் திரும்பினாள்.

மறுநாளிலிருந்து கணக்கு டீச்சர் டாண் என்று எட்டரைக்கு வகுப்பில் நிற்கிறார். பாடமும் நடக்கிறது. பெயர் மட்டும் கூப்பிட முடிவதில்லை. அவர் ஒருவரால் மட்டுமல்ல, எந்த டீச்சராலும் முடிவதில்லை. பதிவேடு எல்லாம் இப்போது ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பீரோ திறக்கவே எட்டு நாற்பது ஆகிவிடுகிறது.

பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டாராம். "என்னம்மா இது, சாவி காணோமா?"

"சாவி என் பையிலதான் சார் இருக்கு. திறக்க லேட்டாயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

இப்போது மெமோ வாங்குவது என் நாத்தனார்.

எந்தக் கல்லூரி என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.