பார்த்தாச்சு

காகித ஆலையில் சோதனைக்கென்று முதலில் ஆறு சென்சார்களைத்தான் மாட்டினார்கள். கொதிகலனில் இருந்த நாலாவது சென்சார், கொதிகலன் வெடிப்பதற்குப் பதினோரு நிமிடம் முன்பே மேலாளர் குணாளனின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பியது. கேன்டீனில் இருந்த அவர் ‘பார்த்தாச்சு’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். கொதிகலனடியில் நின்ற தொழிலாளி இசக்கிராசு வெந்துபோனான். சென்சார் சொன்னபடியே கொதிகலன் வெடித்ததால் சோதனை வெற்றி என்று குணாளன் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையை நம்பி ஆலை முழுவதற்கும் அறுநூற்று நாற்பது சென்சார்கள் வந்து இறங்கின. இசக்கிராசு செத்ததற்கு ஈடாக அவன் மனைவி மாரிச்செல்விக்கு ஆலை அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். சென்சார்களைக் கணினியில் ஏற்றுவது அவள் பொறுப்பு.

"ஒவ்வொண்ணுக்கும் பேரு கேக்குது சார். என்ன போடட்டும்?"

குணாளன் நிமிரவில்லை. "என்னத்தையாவது போட்டுத் தொலைம்மா. பிள்ளைக்கா பேரு வைக்கோம்?"

"சரி சார்."

ஐந்து நாள் உட்கார்ந்து ஏற்றினாள். ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டே அடுத்ததற்குப் போனாள். எச்சரிக்கை போகவேண்டிய எண்ணாக எல்லாவற்றுக்கும் அவர் எண்ணையே கொடுத்தாள்.

ஆலை முழுவதும் சென்சாரில் ஓடத் தொடங்கிய முதல் நாள், கேன்டீனில் குணாளனின் தட்டருகே கைப்பேசி அதிர்ந்தது. ‘இசக்கிராசு 212. சூடு தாங்கும் அளவைத் தாண்டுகிறது.’ பொத்தானுக்குப் போன கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. அதற்குள் இசக்கிராசு 213 வந்தது. பிறகு 387.

எதிரே உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க சார்."