வேண்டாம் என்ற சீட்டு

ஆய்வகக் கழிவைக் கொட்டும் முன் கிருமியை வேகவைக்கும் ஆட்டோகிளேவைத் திறக்கிறேன். ஆவி சன்னல் கண்ணாடியில் படிகிறது. காலையில் தட்டுகளில் சாம்பல் பஞ்சாய் நின்ற பூசணம் கஞ்சியாகக் கிடக்கிறது. "இதை ஏன்ணா உள்ள வெச்சீங்க?" ஆய்வக டாக்டர் சஹானா மேடம் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். "நீங்கதான மேடம் 'வேண்டாம்'னு சீட்டு ஒட்டினீங்க? வேண்டாததுன்னு நெனச்சேன்." "ஐயோ, தொட வேண்டாம்னு எழுதினேண்ணா!" நாற்பத்தெட்டு வயதில் எழுத்து கற்ற எனக்காக மேடம் தமிழில் எழுதிய முதல் சீட்டு அது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பெருமையாகத்தான் உள்ளே அடுக்கினேன். அந்தப் பூசணம், பக்கத்து ஊரான ஆனேக்கல்லில் ஒரு விவசாயியின் புண்பட்ட கண்ணில் சுரண்டி எடுத்து வளர்த்தது. எந்த மருந்துக்கு அடங்கும் என்று இன்று தெரிந்திருக்கும். மேடம் போனை எடுக்கிறார். "நாளைக்கு வாங்க, கண்ணை மறுபடி சுரண்டணும். தப்பு என்னுதுங்க" என்று அந்த விவசாயியிடம் கன்னடத்தில் சொல்கிறார். எனக்குக் கன்னடம் நன்றாகவே புரியும்.