கெட் அவுட்டின் அர்த்தங்கள்
கரும்பலகையில் 'கெட் அவுட்' என்று எழுதி, அதன் கீழே வெளியேறுவது, தப்பிப்பது, ரகசியம் வெளியே கசிவது என்று அர்த்தங்களை அடுக்குகிறாள் டீச்சர். டஸ்டரால் பலகையை இரண்டு முறை தட்டினால் வகுப்பே எழுந்து அந்தச் சொல்லைக் கத்த வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்த மாலை நேர ஆங்கில வகுப்பின் வழக்கம் அது. "இதை எங்க முதலாளியே தினமும் சொல்லித் தர்றாரு டீச்சர்" என்கிறார் டெய்லர். சிரிப்பு அடங்குவதற்குள் கதவு சுவரில் மோதித் திறக்கிறது. டீச்சரின் புருஷன். "வீட்டை விட்டு ஓடி வந்தா விட்டுருவேனாடி?" என்று கொண்டையைப் பிடித்து அவள் முகத்தைப் பலகையில் மோதுகிறான். மூக்குக்கண்ணாடி நொறுங்குகிறது. ரத்தம் இரண்டாவது அர்த்தத்தின் மேல் கோடிழுத்தபடி இறங்குகிறது. நர்ஸ் பாதி எழுந்து அப்படியே நிற்கிறாள். டிரைவர் தன் செருப்பைப் பார்க்கிறார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாம் ஆள் தலையிடக் கூடாதாம். அவன் மறுபடியும் மோதுகிறான். டஸ்டர் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அதை ஓங்கிப் பலகையில் இரண்டு முறை தட்டுகிறாள். சாக்பீஸ் தூள் புகைபோல எழும்புகிறது. பெஞ்சுகள் கிறீச்சிட, வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கிறது. "கெட் அவுட்!" கொண்டையில் இருந்த விரல்கள் தளர்கின்றன. அவள் திரும்பிப் பார்க்காமலே மறுபடியும் தட்டுகிறாள்.