முப்பது நாள் நட்சத்திரம்

"அந்த நட்சத்திரத்தைக் கழட்டுடா."

கெஜட் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும்.

பழைய படைப்பிரிவின் வருடாந்தரச் சந்திப்பு அது. ஒரு காலத்தில் நாற்காலி போதாமல் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தவர்கள், இந்த வருடம் பதினோரு பேராகச் சுருங்கியிருந்தார்கள். இதுவே கடைசி என்றும் பேச்சு அடிபட்டது.

அப்போதுதான் வருகை எடுத்து முடித்திருந்தார்கள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. செயலாளர் பட்டாளத்து எண்ணைச் சொன்னால், பல் இருப்பவரும் இல்லாதவரும் விறைப்பாக எழுந்து "உள்ளேன்!" என்று கத்த வேண்டும். "ரெண்டு, ஆறு, ஒண்ணு, ஏழு" என்றதும் கெஜட் போட்ட சத்தத்தில் போட்டோக்காரர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

கெஜட் என்பது பட்டாளத்தில் வைத்த பெயர். சட்ட விதி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் எதிரில் நின்றவர் ஒயர். குண்டு விழும் இடத்திலும் டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டு ஓடியவர்.

"பொண்ணு ஆசையா வாங்கிட்டு வந்து குத்தி விட்டாடா. ஒரே ஒரு போட்டோவுக்கு மட்டும்" என்றார் ஒயர்.

"போட்டோவுக்குன்னா ரூல் மாறிடுமா?"

கெஜட்டுக்கும் மனசு கேட்கவில்லைதான். முதல் சண்டையில் இருவரும் ஒரே பதுங்கு குழி. ஒரு டப்பா பாலை எட்டுப் பேர் பங்கு போட்டுக் குடித்தபோது, டப்பாவை வழித்து நக்கும் உரிமை யாருக்கு என்று சீட்டு குலுக்கியவர்கள். ஆனாலும் நட்பு வேறு, நட்சத்திரம் வேறு.

ஒயர் ஊக்கைக் கழற்றி, நட்சத்திரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா கழட்டிட்டீங்க?" முன்வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்தாள்.

"ஊக்கு குத்துதும்மா."

கெஜட்டுக்குப் பொய் ஆகாது. "ஊக்கு இல்லம்மா, ரூல் குத்துது" என்றார்.

"என்ன மாமா சொல்றீங்க? அப்பா ரெண்டு சண்டையிலயும் இருந்தாரே!"

"இருந்தான். முதல் சண்டைக்கு மெடல் வாங்கினான், அது நியாயம். ரெண்டாவது சண்டைக்குத் தனி மெடல் கிடையாது, அதே ரிப்பன்ல ஒரு நட்சத்திரம். அதுக்குப் போர்முனையில முழுசா முப்பது நாள் இருந்திருக்கணும். உங்கப்பா இருபத்தெட்டு நாள்ல கிளம்பிட்டான்."

"ரெண்டே ரெண்டு நாள்தானே மாமா?"

"ரெண்டு மணி நேரம் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான்."

பக்கத்தில் இருந்த ஒருவர் வாய் சும்மா இல்லாமல் கேட்டார். "ஏம்ப்பா கெஜட், நீ எங்களுக்கெல்லாம் பின்னாடி வந்து, அங்க ஒன்பது நாள்தானே இருந்தே? உன் ரிப்பன்ல மட்டும் எப்படி மின்னுது?"

"நாலாவது விதி! காயம்பட்டு வெளியே கொண்டுவரப்பட்டவனுக்கு நாள் கணக்கு கிடையாது" என்றார் கெஜட், வயிற்றுத் தழும்பைத் தொட்டபடி. "குண்டு விழுந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் அஞ்சு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியிலதான் கண்ணு முழிச்சேன். நான் ரத்தம் சிந்தி வாங்கினேன்யா. இவனை மாதிரி பாதியில கிளம்பல."

மகளின் முகம் சுண்டிப்போனது. அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாதியில ஏம்ப்பா கிளம்பினீங்க?"

"அது... மேலிடத்துல அனுப்பினாங்கம்மா. விடு, போட்டோ எடுப்போம்."

"எதுக்கு விடணும்?" கெஜட் மேஜைப் பக்கம் கையைக் காட்டினார். "போன வருஷமே இவன் நட்சத்திரம் பத்தி பொலம்பினான். சந்தேகம் தீரட்டும்னு நானே ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தாச்சு. செயலாளரே, அந்தக் கவரைப் பிரிச்சு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

"வேண்டாம்டா கெஜட்" என்றார் ஒயர். குரலில் கெஞ்சல் இருந்தது. "சொன்னாக் கேளு. நான்தான் கழட்டிட்டேனே."

"பாத்தீங்களா, பயப்படுறான்! படிங்க சார்."

செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கவரைக் கிழித்தார்.

"போர்முனையில் இருந்த நாட்கள், இருபத்தெட்டு."

"நான் சொல்லல?" கெஜட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காரணத்தையும் படிங்க."

"வெளியேறிய காரணம்: காயம்பட்ட வீரர் ஒருவருக்கு இவருடைய வகை ரத்தம் தேவைப்பட்டதால், தானே முன்வந்து ஆஸ்பத்திரி வண்டியில் உடன் சென்றார். அங்கே இருமுறை ரத்தம் கொடுத்தார். திரும்பி வருவதற்குள் சண்டை ஓய்ந்துவிட்டது."

மகள் மெதுவாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒயர் இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் தாளைத் திருப்பினார். "காயம்பட்ட வீரரின் எண்ணும் போட்டிருக்கு" என்று சொல்லி, வருகை எடுக்கும் அதே குரலில் படித்தார்.

"ரெண்டு, ஆறு, ஒண்ணு, ஏழு."

"உள்ளேன்!" என்று பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார் கெஜட்.

எழுந்து நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.