சிவப்பு லேபிள்

“நேத்து வரைக்கும் இந்தப் புத்தகத்துல சிவப்பு லேபிள் இல்லையே மேடம்?”

செவிலியர் கல்லூரி நூலகத்தின் கவுன்ட்டர் முன்னால் இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். கேட்டவள் கண்ணாடிக்காரி. கேட்க வேண்டியவளோ அவள் முதுகுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றாள். வார்டிலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையில் மருந்து வாடை, கண்ணுக்குக் கீழே கருவளையம். கல்யாணமாகி, குழந்தையும் பெற்றுக்கொண்டு, அப்புறம் படிக்க வந்தவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் ‘அக்கா’.

“நேத்து இல்லை, இன்னிக்கு இருக்கு,” என்றார் நூலகர், நிமிராமல். “சிவப்பு லேபிள்னா இங்கேயே உக்காந்து படிக்கணும். வெளியே போகாது. சேர்ந்த அன்னிக்கே சொன்னதுதான்.”

பரீட்சை நேரம். காலையிலிருந்து எழுந்து நடந்ததில் அவருக்குப் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லென்ற தரையில் காலைப் பதித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிடைத்த சுகம் அது ஒன்றுதான். லேபிள் ஒட்டிய பசை விரல் நுனியில் இன்னும் பிசுபிசுத்தது.

“மருந்தியல்ல புதுப் பதிப்பு இது ஒண்ணுதான் மேடம் இருக்கு. அக்காவுக்கு நாளைக்கு அரியர் பேப்பர். இந்தத் தடவையும் போச்சுன்னா கடைசி வருஷத்துக்கே விட மாட்டாங்க. படிச்ச படிப்பெல்லாம் பாழ்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். உக்காந்து படிக்கச் சொல்லு.”

“போன்ல போட்டோவாவது எடுத்துக்கறோமே?”

“கூடாது.”

கண்ணாடிக்காரி பெருமூச்சு விட்டாள். “உங்களுக்கென்ன மேடம், ஈஸியா எட்டு மணின்னு சொல்லிட்டீங்க. அக்காவுக்குக் குடும்பம் இருக்கு. பக்கத்து வீட்டுல விட்ட குழந்தையைக் கூட்டிட்டு வரணும், சமைக்கணும், பாத்திரம் தேய்க்கணும். போதாததுக்கு மாமியார் வேற.”

நூலகர் முதல்முறையாக நிமிர்ந்தார். “மாமியாரா? அந்தம்மா என்ன பண்ணுது?”

அக்கா, கண்ணாடிக்காரியின் முழங்கையைக் கிள்ளினாள். “விடுடி. போலாம்.”

“நீங்க சும்மா இருங்கக்கா. இவங்களா வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாங்க மேடம். நாங்கதான் தோண்டித் தோண்டிக் கேட்டோம். அந்தம்மாவும் எங்கேயோ வேலைக்குப் போறாங்களாம். சாயங்காலம் வந்ததும் கால் வலின்னு படுத்துடுவாங்களாம். அப்புறம் மாடு மாதிரி உழைக்கிறதெல்லாம் இவங்கதான். ஒருநாள் கரண்டியைப் பிடிச்சா அந்தம்மா குறைஞ்சா போயிடுவாங்க?”

“குறைஞ்சு போக மாட்டாங்க,” என்றார் நூலகர் மெதுவாக.

“அப்படிச் சொல்லுங்க. மாமியார் மெச்சின மருமக இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க?”

நூலகர் புத்தகத்தைத் திறந்தார். பாதிகூடத் தாண்டாத ஒரு பக்கத்தில் கறுப்பு ஹேர்பின் ஒன்று செருகியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டி அக்காவைப் பார்த்தார்.

“ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறே. ஒவ்வொரு தடவையும் இந்தப் பின் இதே பக்கத்துலதான் திரும்பி வருது. அட்டையில பால் கறைதான் கூடியிருக்கு.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லா வேலையும் முடிச்சிட்டு எடுப்பேன் மேடம். ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள கண்ணு சொருகிடுது.”

“அதான் சொல்றேன். இது வீட்டுக்குப் போகாது.”

“வாங்கக்கா,” என்று முணுமுணுத்தாள் கண்ணாடிக்காரி. “கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இந்த மேடம்கிட்ட லேபிளை உரிக்க முடியாது.”

நூலகர் காதில் விழாததுபோல் இருந்தார். இந்த வேலையில் அது ஒரு பழக்கம்.

வேறு வழியில்லாமல் அக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேஜைக்குப் போனாள். போனாளே தவிர, பை தோளைவிட்டு இறங்கவில்லை. உட்காருவதா, ஓடுவதா என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அழக்கூட அவளுக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

நூலகர் கவுன்ட்டரை உதவியாளரிடம் ஒப்படைத்தார். செருப்புக்குள் பாதத்தைத் திணிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி நடந்து ஜன்னலோர மேஜைக்கு வந்து கையை நீட்டினார்.

“சாவியைக் கொடு.”

“லாக்கர் சாவியா?” கண்ணாடிக்காரி முந்திக்கொண்டாள். “அதையும் பிடுங்கிக்கணுமா மேடம்?”

நூலகர் அவளைப் பார்க்கவில்லை. அக்காவின் தோளிலிருந்த பையைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“வீட்டுச் சாவி. காலைல அவசரத்துல என்னோடதை அடுப்பு மேடையிலேயே வெச்சுட்டு வந்துட்டேன். குழந்தையை நான் கூட்டிட்டுப் போறேன், சமையலையும் பாத்துக்கறேன். எட்டு மணிக்கு உன் புருஷன் காலேஜ் வாசல்ல வந்து நிப்பான், பெத்தவ சொன்னா கேக்காமலா போயிடுவான்?”

கண்ணாடிக்காரி திறந்த வாயை மூட மறந்து நிற்க, சாவியை நீட்டிய அக்கா, “சரிங்க அத்தை,” என்றாள்.

“இங்கே மேடம்,” என்று திருத்திவிட்டு நூலகர் படியிறங்கினார்.