ஆறு வந்தால் போதும்

பஞ்சாபின் ஜலந்தரில் அன்று, வெளிநாடு போவோருக்கான ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் முடிவு. குர்விந்தர் பயத்தில் பராட்டாவைத் தொடவே இல்லை.

“ஆறு மாசமா ‘மிட்நைட் ஆயில்’, ‘ஃப்ளையிங் கலர்ஸ்’னு இங்கிலீஷ்ல கத்தி எங்க உயிரை எடுத்தியே! இன்னும் என்னடா நடுக்கம்?” என்றாள் அம்மா.

“பரீட்சையில பயந்துபோய் அதெல்லாம் மறந்திருந்தா? ஆறு மார்க் வரலேன்னா கனடாவும் இல்ல, கல்யாணமும் இல்லம்மா.”

கைபேசி அடித்தது. அவன் தயங்க, அம்மாவே எடுத்தாள்.

“எட்டா? வாஹேகுரு!” என்று மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

குர்விந்தர் துள்ளிக் குதித்தான். தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

“உனக்குப் பேசி வெச்ச பொண்ணோட அப்பாடா. தினமும் போன்ல நீ அவளுக்கு நல்லாச் சொல்லிக் கொடுத்தியாம். எட்டு மார்க் வாங்கின பொண்ணைக் கட்டிக்கிட்டு அவ விசாவுலயே கனடா போக, பெரிய இடத்து மாப்பிள்ளையே வந்துட்டானாம்.”