கேட்க ஒருவர் இருக்கும்வரை

"ஐயா, இந்தப் பழைய இன்டர்நெட் பெட்டியை இன்னையோட நிறுத்திடலாமா? பதிலுக்குப் புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். காசெல்லாம் வேண்டாம்."

சத்யப்ரியா தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். சென்னை ஆபீசிலிருந்து இதற்காகவே உசிலம்பட்டி வந்து, டவுன் பஸ் பிடித்து, நாலு பேரை விசாரித்துத்தான் இந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். மாட்டைக் கட்டிவிட்டு வந்த பேயாண்டி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது.

"நல்லாத்தான தாயி ஓடுது. எதுக்கு நிறுத்தணும்?"

"இது அழகுராஜான்னு ஒரு சார் எழுதின புரோகிராமைத் தேடிப் போகுதுய்யா. இன்டர்நெட்ல ஒரு பேரைச் சொன்னா, அது எங்க இருக்குன்னு விலாசம் சொல்ற புரோகிராம்."

இன்டர்நெட் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இருபத்து நாலு வயதில் அழகுராஜா எழுதியது அது. விற்றிருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். மனுஷன் உலகத்துக்கே சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். பிழைக்கத் தெரியாதவன் என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பிற்பாடு அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

"இப்ப எல்லாரும் வேறதுக்கு மாறிட்டாங்க. சாரோட புரோகிராம் எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. தினமும் காலைல அதைக் கேக்குறது உலகத்துலயே இந்தப் பெட்டி மட்டும்தான். அது பதில் சொன்னாத்தான் இதுல பச்சை லைட்டு எரியும். கேக்க ஒருத்தர் இருக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சார் எழுதி வச்சிருக்கார். நீங்க புதுசுக்கு மாறிட்டா, இன்னைக்கே நிறுத்திடுவோம்."

பேயாண்டி பழைய பெட்டியின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"அழகுராஜா என் மகன்தான் தாயி."

சத்யப்ரியா எழுந்தே நின்றுவிட்டாள்.

"எங்கிட்டப் பேசிப் பதினஞ்சு வருசமாச்சு. அவன் கலியாணத்துல தகராறு. கெளம்புறப்ப இதை மாட்டிவிட்டு, 'பச்சை லைட்டு எரிஞ்சா நான் அங்க நல்லா இருக்கேன்னு நெனச்சுக்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போனான். விடிஞ்சதும் இதைத்தான் போடுவேன். லைட்டைப் பாத்த பொறவுதான் மாட்டை அவுப்பேன்."

சத்யப்ரியா கையிலிருந்த புதுப் பெட்டியைக் கீழே வைத்தாள். அழகுராஜா கனடாவில் மாரடைப்பில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெற்றவருக்கு ஒருவர்கூடவா சொல்லவில்லை?

"நீ அவன் ஆபீசுதான? எப்படி இருக்கான்?"

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நல்லா இருக்காருய்யா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப இதை நிறுத்தச் சொல்லாத தாயி. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அவள் வாசலுக்குப் போய் ஆபீசுக்குப் போன் செய்தாள். "அண்ணே, பழைய சர்வரை நிறுத்த வேண்டாம். வேண்டாம்னா வேண்டாம். இந்தப் பெரியவர் இருக்கிற வரைக்கும் ஓடட்டும். மேல யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

புதுப் பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "வாரேன்யா" என்று கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அவள் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறையும்வரை பேயாண்டி வாசலிலேயே நின்றார்.

எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லத்தாய் வெளியே வந்தாள்.

"பாவம், அந்தப் புள்ள அழுதுக்கிட்டே போகுது. ஏன் இப்படிப் பொய் சொன்னீக? போன ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல நம்ம புள்ளைக்கு உங்க கையாலதான திதி குடுத்தீக?"

பேயாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் செத்தது எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா, அவன் எழுதுனதையும் இன்னைக்கே சாகடிச்சிருப்பாக செல்லத்தாயி!"